ஆஸ்பத்திரிக்கு 200 எதற்கு?

துறைமுகக் கேள்வி-பதில்

போன இதழில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, அதாவது எந்தச் சரக்கை யாருக்கு அனுப்பலாம் என்ற விதிகள் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் சென்னை கஸ்டம்ஸில் எக்ஸாமினராகச் சேர்ந்து அப்ரெய்சராக ஓய்வு பெற்றவன். பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, கணபதியில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு பேங்க் லோன் போட்டு அமெரிக்காவிலிருந்து ஒரு ஃபைவ் ஆக்ஸிஸ் சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைக் கடையும் மெஷின்) இறக்கினேன். இப்போது டீலர் மூலமாக ஒரு மெயில். டெல்லியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து மெஷினைப் பார்ப்பாராம். காசு முழுக்கக் கட்டியாச்சு, பில் இருக்கிறது. இவர்கள் போலீஸா? நான் என்ன தப்பு செய்தேன்?
(பெயர் வேண்டாம், கோவை)

ஒரு தப்பும் செய்யவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள்.

வருபவர் அமெரிக்க வணிகத் துறையின் கீழ் இயங்கும் பியூரோ ஆஃப் இண்டஸ்ட்ரி அண்ட் செக்யூரிட்டி என்ற அமைப்பின் ஆள். சுருக்கமாக பி.ஐ.எஸ். நம் ஊரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தும் பி.ஐ.எஸ். வேறு, இது வேறு; குழப்பிக்கொள்ள வேண்டாம். சாதாரணத் தொழிலுக்கும் பயன்படும், ஏவுகணைக்கும் அணுகுண்டுக்கும்கூடப் பயன்படும் என்கிற மாதிரிப் பொருட்கள் அமெரிக்காவிலிருந்து யாருக்குப் போகலாம், யாருக்குப் போகக் கூடாது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. உங்கள் மெஷின் அந்த ரகம். பம்ப் இம்பெல்லரும் கடையும், நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பெல்லரும் கடையும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வருகிறார்கள்.

அந்த அமைப்பில் லைசென்ஸ் கொடுக்கும் பிரிவு தனி, சட்டத்தை அமல்படுத்தும் பிரிவு தனி. அமல் பிரிவில் துப்பாக்கி வைத்திருக்கும், கைது செய்யும் அதிகாரம் உள்ள ஏஜென்ட்டுகள் உண்டு. அதெல்லாம் அவர்கள் நாட்டுக்குள். டெல்லி, துபாய், சிங்கப்பூர், பெய்ஜிங் போன்ற ஊர்களில் தூதரகத்தில் உட்காரும் அதிகாரிகள் செய்வது சரிபார்ப்பு மட்டும். லைசென்ஸ் தருவதற்கு முன்பே போய்ப் பார்ப்பது ஒரு வகை. சரக்கு வந்து சேர்ந்த பிறகு பார்ப்பது இன்னொரு வகை. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது. வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாள்களை எடுத்துப் பாருங்கள். "சரிபார்க்க வந்தால் ஒத்துழைப்போம்" என்று அதில் ஒன்றில் நீங்களே எழுதிக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

வந்தால் என்ன கேட்பார்? பில், பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கு கஸ்டம்ஸில் கொடுத்த தாள்), மெஷினின் சீரியல் நம்பர். பக்கவாட்டில் இருக்கும் தகட்டை ஒரு துணியால் துடைத்து வையுங்கள். கூலன்ட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி நம்பர் தெரியாமல் போய்த்தான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். என்ன ஜாப் ஓடுகிறது, யாருக்குச் சப்ளை என்று கேட்பார். ஜாப் கார்டுகளைக் காட்டுங்கள். அவ்வளவுதான்.

செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: "முதலாளி ஊரில் இல்லை" என்று இழுத்தடிப்பது. சரிபார்க்க முடியாத நிறுவனங்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் பெயர் ஏறிவிட்டால் அமெரிக்க சப்ளையர் யாரும் உங்களோடு முன்போலச் சுலபமாக வியாபாரம் செய்ய முடியாது. 2022 அக்டோபரிலிருந்து அந்த விதி இன்னும் இறுகிவிட்டது. உள்ளூர் அரசாங்கமே சோதனையைத் தடுத்தால் 60 நாளில் அந்தப் பட்டியல், மேலும் 60 நாள் போனால் அதைவிடக் கடுமையான பட்டியல் என்று அறிவித்தார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். மெஷினை நாளைக்கு ஷார்ஜாவிலோ வேறெங்கோ விற்பதாக இருந்தால், அது உங்கள் சொந்த மெஷின்தானே என்று விற்றுவிடாதீர்கள். மறு ஏற்றுமதிக்கும் அவர்களுடைய அனுமதி தேவைப்படலாம். டீலரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கல்பாக்கம் ஆராய்ச்சி மையம் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் இருந்ததாமே? நம் விஞ்ஞானிகள் என்ன கடத்தல்காரர்களா? படித்தபோது கோபமாக வந்தது.
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

உங்கள் கோபம் எனக்கும் இருந்தது, தம்பி. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அந்த வருடமே இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ., அணுசக்தித் துறை ஆகியவற்றின் பல பிரிவுகள் என்டிட்டி லிஸ்ட் எனப்படும் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியலை அமெரிக்கா 1997-ல் ஆரம்பித்தது. அதில் இருப்பவருக்கு அமெரிக்கப் பொருளை அனுப்ப வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும், பெரும்பாலும் கிடைக்காது. கடத்தல்காரர் என்று அதற்கு அர்த்தமில்லை, "எங்கள் சரக்கு இங்கே போவதை நாங்கள் விரும்பவில்லை" என்று அர்த்தம். ஆனால் அனுபவித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் வலித்தது.

இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. பிரிவுகள் 2011 ஜனவரியில் பட்டியலிலிருந்து இறங்கின. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இறங்கியது 2025 ஜனவரியில்தான். பாபா அணு ஆராய்ச்சி மையமும் இந்தியன் ரேர் எர்த்ஸும் அதே நாளில் இறங்கின. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைப் பிரித்தெடுக்கிற அந்த நிறுவனம்தான். இருபத்தாறு வருடம்! நீங்கள் பிறப்பதற்கு முன்பே ஏறிய பெயர்.

இதே பட்டியலால் ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. இந்தியாவின் விண்வெளி மையத்துக்கும் ஏவுகணை ஆலைக்கும் மெமரி சிப் மாதிரி உதிரிகளை லைசென்ஸ் இல்லாமல் அனுப்பியதற்காக, தெற்கு கரோலினாவில் அலுவலகம் வைத்திருந்த ஓர் இந்தியருக்கு 2008-ல் 35 மாதம் சிறை. நம் ராக்கெட்டுக்குத்தானே அனுப்பினார் என்று நமக்குத் தோன்றும். அவர் தொழில் நடத்திய நாட்டின் சட்டம் வேறு மாதிரிப் பார்த்தது.

சார், அம்பத்தூரில் வால்வு தயாரிக்கிறோம். 11 பேர் வேலை செய்கிறார்கள். துபாயில் ஒரு டிரேடர் 400 லைன்டு வால்வு கேட்கிறார், முழுப் பணமும் அட்வான்ஸ். நேம்பிளேட் வேண்டாம், டெக்னீஷியன் வர வேண்டாம் என்கிறார். யார் உபயோகிக்கப் போகிறார்கள் என்று கேட்டால் "ஸ்டாக்" என்கிறார். எங்கள் ஏஜென்ட் "பைப் ஃபிட்டிங்ஸ்னு போட்டுடலாம், யாரும் பார்க்க மாட்டாங்க" என்கிறார். இந்த ஆர்டர் வந்தால் தீபாவளி போனஸ் கொடுத்துவிடலாம். என்ன செய்ய?
(சிறு தொழிலதிபர், சென்னை)

அனுப்பாதீர்கள். ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

வால்வு என்றால் வீட்டுக்குழாய் என்று ஏஜென்ட் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் செய்வது உள்ளே பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் என்கிற பிளாஸ்டிக்) பூச்சு உள்ளது. ஆசிட் அரிக்காது. அந்தக் குணம்தான் ரசாயன ஆயுதம் செய்பவனுக்கும் வேண்டும். அதனால் உலக அளவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அளவு, உள்ளே ரசாயனம் படுகிற பரப்பு முழுக்க ஃபுளோரோபாலிமர் (பி.டி.எஃப்.இ. இந்த ரகம்தான்), கண்ணாடி, டைட்டானியம், டான்டலம், நிக்கல் அதிகமுள்ள கலவை என்று இருந்தால் அது கட்டுப்பாட்டுச் சரக்கு. ஆஸ்திரேலியா குரூப் என்கிற நாடுகளின் அமைப்பு போட்ட வரையறை இது. 2018 ஜனவரியில் இந்தியாவும் அதில் சேர்ந்தது. நம் நாட்டில் இந்தச் சரக்குகளின் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். 0 முதல் 8 வரை வகைகள். உங்கள் வால்வு 3-ஆம் வகையில் வரக்கூடியது. அனுமதி தருவது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அதாவது டி.ஜி.எஃப்.டி. விண்ணப்பம் ஆன்லைனில்தான், பல அமைச்சகங்கள் சேர்ந்த குழு உட்கார்ந்து பார்க்கும். கடைசியில் உபயோகிக்கப் போகிறவரிடமிருந்து சான்றிதழ் வேண்டும். "ஸ்டாக்" என்பவர் அதைத் தர மாட்டார்.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். 2003-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்த ஆஷர் கார்னி என்ற வியாபாரி, ஓர் அமெரிக்க நிறுவனம் செய்யும் 200 ஸ்பார்க் கேப்களுக்கு நியூ ஜெர்சி புரோக்கர் மூலம் ஆர்டர் கொடுத்தார். நூல்கண்டு மாதிரி இருக்கிற ஒரு மின்சார ஸ்விட்ச் அது. சிறுநீரகக் கல்லை உடைக்கும் மெஷினில் இருக்கும். அணுகுண்டை வெடிக்க வைக்கும் சுற்றிலும் இருக்கும். ஜொகன்னஸ்பர்க் பக்கம் சோவெட்டோவில் உள்ள ஆஸ்பத்திரிக்கு என்று காகிதம் சொன்னது. ஓர் ஆஸ்பத்திரிக்கு அஞ்சாறு இருந்தாலே போதும். 200 எதற்கு? தென்னாப்பிரிக்காவிலிருந்து பெயர் சொல்லாத ஒருவர் அமெரிக்க அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் ஆர்டரை நிறுத்தவில்லை. தயாரிப்பாளரிடம் பேசி, முதல் தவணை 66-ஐயும் வேலை செய்யாதபடி ஆக்கி அனுப்பச் சொன்னார்கள். அப்புறம் பெட்டியின் பின்னாலேயே போனார்கள். பெட்டி கேப் டவுன் போய், அங்கிருந்து இஸ்லாமாபாத் போனது. 2004 ஜனவரி 1, குடும்பத்தோடு பனிச்சறுக்கு விளையாட அமெரிக்கா வந்த கார்னியை டென்வர் விமான நிலையத்தில் பிடித்தார்கள். மூன்று வருடம் சிறை.

இந்த வழக்கில் முதலில் வேலை செய்தது துப்பாக்கியும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. "இவ்வளவு எதற்கு?" என்று யாரோ ஒருவர் கேட்ட கேள்வி. அமெரிக்காவின் பி.ஐ.எஸ். தன் ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுக்கும் வழிகாட்டியிலேயே ஓர் உதாரணம் உண்டு: சின்ன பேக்கரி ஒன்று பெரிய கம்ப்யூட்டர் கேட்டால் சந்தேகப்படு என்று. பொருளும் தொழிலும் பொருந்தவில்லை, விலை உயர்ந்த சரக்குக்கு ரொக்கம், பொருத்திக் கொடுக்க ஆள் வேண்டாம், சேரும் இடம் ஒரு ஃபார்வர்டரின் (சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டின்) கோடவுன் என்று அதே வழிகாட்டி சொல்லிக்கொண்டே போகும். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். பாதிக்கு மேல் உங்கள் துபாய்க்காரரிடம் இருக்கிறது.

இனி நான் பார்த்த ஒன்று. வருடம், பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். "பிளம்பிங் ஐட்டம்ஸ்" என்று போட்ட மரப்பெட்டி. ஆணி பிடுங்கி மூடியைத் தூக்கினோம். ஈர மர வாசனை, கிரீஸ் பேப்பர். ஒரு வால்வை வெளியே எடுத்துத் துடைத்தேன். தகடு இருக்க வேண்டிய இடத்தில் நாலு ரிவெட் ஓட்டை மட்டும். விரலை உள்ளே விட்டால் வழவழவென்று வெள்ளையாக ஒரு பூச்சு. குளியலறைக்குப் போகிற வால்வுக்கு அந்தப் பூச்சு எதற்கு, தகட்டைப் பிடுங்குவது எதற்கு? நிறுத்திவைத்தோம். மறுநாள் வந்த பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வாங்குபவர் தகடு வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன் என்றான். பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஷிப்பிங் பில்லில், அதாவது ஏற்றுமதிக்கு கஸ்டம்ஸில் கொடுக்கும் தாளில், கையெழுத்து அவனுடையது. ஏஜென்ட் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. சரக்கும் போச்சு, ஆர்டரும் போச்சு, அவன் வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றது. அந்தப் பையன் முகம் எனக்கு மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சட்டப்படி என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2005-ஆம் வருடத்துப் பேரழிவு ஆயுதச் சட்டத்தின் கீழ், அனுமதியில்லாத ஏற்றுமதிக்கு முதல் தடவை 3 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. பயங்கரவாதிகளுக்கு உதவும் நோக்கம் என்று நிரூபணமானால் ஆயுள் தண்டனை வரை போகும். சரக்குப் பறிமுதல் தனி, ஐ.இ.சி. நம்பர் (ஏற்றுமதி இறக்குமதி செய்யத் தேவையான பதிவு எண்) முடங்குவது தனி. பட்டியலிலேயே இல்லாத பொருளாக இருந்தாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்து அனுப்பினால் அதுவும் குற்றம்.

அதனால் நாளைக்கே டிரேடருக்கு ஒரு மெயில் போடுங்கள்: கடைசியில் உபயோகிப்பவர் பெயர், முகவரி, என்ன ஆலை, என்ன ரசாயனம், கையெழுத்திட்ட சான்றிதழ். உண்மையான ஆலை என்றால் தருவார்கள். உரத்துக்கும் மருந்துக்கும் இந்த வால்வு தேவைப்படுகிற நல்ல ஆலைகள் ஏராளம். சான்றிதழ் வந்தால், ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் டி.ஜி.எஃப்.டி. அலுவலகம் இருக்கிறது, டிராயிங்கோடு போய் வழி கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆர்டர் போகட்டும். போனஸுக்கு வேறு வழி தேடலாம் சார், 11 குடும்பம் அந்தக் கம்பெனியை நம்பி இருக்கிறது. ஏஜென்ட்டையும் மாற்றுங்கள்.

காட்டுப்பள்ளியில் பாகிஸ்தானுக்குப் போன சரக்கைப் பிடித்தார்களே, அது சீனாவிலிருந்து கராச்சிக்குப் போனது. நம் நாட்டுக்கு வரவே இல்லை. நம் கஸ்டம்ஸ் எப்படித் தொட முடியும்?
(மீஞ்சூர் வாசகர்)

நல்ல கேள்வி. 2024 மே மாதம் ஷாங்காயிலிருந்து கராச்சி போகிற வழியில் கப்பல் காட்டுப்பள்ளிக்கு வந்தது. அதில் 103 டிரம், மொத்தம் இரண்டரை டன் வாக்கில், ஆர்த்தோ குளோரோ பென்சிலிடீன் மலோனோநைட்ரைல். கண்ணீர்ப்புகை குண்டில் இருப்பது அதுதான். நம் ஸ்கோமெட் பட்டியலில் இருக்கிற பெயர். சோதனைக்கு எடுத்து, உறுதியானதும் பறிமுதல் செய்தார்கள்.

நம் துறைமுகத்தைத் தொட்டுவிட்டுப் போகிற சரக்கும் 2005 சட்டத்துக்குள் வரும். ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் வரும். இது சும்மா எழுதிவைத்த விதி இல்லை. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் காண்ட்லாவில் ஒரு சீனக் கப்பலை நிறுத்தினார்கள். காகிதத்தில் இன்டஸ்ட்ரியல் டிரையர். உள்ளே பெரிய ஆட்டோகிளேவ், அதாவது அதிக அழுத்தத்தில் சூடாக்கும் கலன். ஏவுகணை உறுப்புகள் செய்ய அது உதவும் என்பதால் டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானிகளே வந்து பார்த்தார்கள். இரண்டு சரக்குமே பாகிஸ்தானுக்குப் போனவை. காண்ட்லாவில் பெயரை மாற்றியிருந்தார்கள். காட்டுப்பள்ளியில் காட்டிக்கொடுத்தது சரக்கின் பெயரேதான். நீளமான ரசாயனப் பெயரைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பாமல், பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த அந்த அதிகாரிகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. மேனிஃபெஸ்ட்டில் (கப்பலின் சரக்குப் பட்டியலில்) ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். அதில் ஒரு வரியில் கண் நிற்பது லேசான காரியம் இல்லை.

என் மகன் கலிஃபோர்னியாவில் சிப் டிசைன் கம்பெனியில் எச்-1பி விசாவில் இருக்கிறான். "ஆபீஸ்ல சில டிராயிங்கை நான் பார்க்கக் கூடாதும்மா, லைசென்ஸ் வரணும்" என்கிறான். அவனை நம்பவில்லையா? வேலைக்கு ஆபத்தா? போன மாதம் பழைய காலேஜ் நண்பன் ஒருவன், இப்போது சீனாவில் வேலை பார்க்கிறானாம், ஏதோ ஃபைல் கேட்டானாம். அதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.
(ஒரு தாய், கும்பகோணம்)

அம்மா, முதல் பாதிக்குக் கவலை வேண்டாம். அமெரிக்கச் சட்டத்தில், கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பத்தை அந்த நாட்டுக்குள்ளேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினாலும் ஏற்றுமதி செய்த மாதிரிதான் கணக்கு. கப்பலும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினால் போதும். எச்-1பி விண்ணப்பத்திலேயே, இவருக்கு அப்படி லைசென்ஸ் தேவையா என்று கம்பெனி உறுதி சொல்ல வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. கம்பெனி விதியைக் கடைப்பிடிக்கிறது, உங்கள் மகனும் கடைப்பிடிக்கிறான். நல்ல பிள்ளை.

இரண்டாவது பாதிதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு ஃபைலை மெயிலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். தெரிந்தே மீறினால் அந்த நாட்டின் 2018 சட்டப்படி 20 வருடம் வரை சிறை, ஒவ்வொரு மீறலுக்கும் 10 லட்சம் டாலர் வரை அபராதம். பெரிய கம்பெனிகளையே விட்டதில்லை. ஹுவாவே என்ற சீன நிறுவனத்துக்கு லைசென்ஸ் இல்லாமல் ஹார்டு டிஸ்க் விற்றதற்காக 2023 ஏப்ரலில் சீகேட் நிறுவனம் 30 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2018-ல் இசட்.டி.இ. என்ற சீன நிறுவனத்துக்கு அமெரிக்கப் பொருள் எதுவும் போகக் கூடாது என்று ஓர் உத்தரவு போட்டார்கள். சில வாரங்களிலேயே தன் முக்கிய வேலைகளை நிறுத்திவிட்டதாக அந்த நிறுவனம் அறிவிக்க வேண்டி வந்தது. தனி மனிதர் எம்மாத்திரம்?

நண்பன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் அனுப்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் மகன் இல்லை. அவன் கம்பெனியில் ஏற்றுமதி விதிகளைப் பார்க்கவென்றே ஓர் ஆள் இருப்பார். இன்னும் அனுப்பவில்லை என்றால் அவரிடம் ஒரு வரி எழுதிக் கேட்கட்டும். ஏற்கெனவே அனுப்பிவிட்டான் என்றால் அழிக்கவோ மறைக்கவோ வேண்டாம். ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு கம்பெனியிடம் சொல்லட்டும். தானாக முன்வந்து சொல்பவர்களிடம் பி.ஐ.எஸ். அபராதத்தைக் கணிசமாகக் குறைப்பது உண்டு. தேடிவந்து பிடித்தால் அந்தச் சலுகை இல்லை.

அங்கே இப்போது ராத்திரியாக இருக்கும். விடிந்ததும் கூப்பிட்டு, அந்த ஃபைல் போச்சா இல்லையா என்று மட்டும் கேளுங்கள்.